பீரங்கி வாய்க்கு முன்னால நடக்காத மனுஷன்

பினாங்குக் கோட்டையில இப்ப புதுசா கன்ட்ராக்ட் எடுத்திருக்கற கம்பெனிப் பசங்க எல சருகையெல்லாம் மெஷின்ல ஊதித் தள்றாங்க. நல்ல பசங்கதான். போன வாரம் பாடாங் திடல் பக்கம் காத்து வாங்கப் போனப்ப என்னயப் புடிச்சு கேட்டாங்க. "அங்கிள், ஸ்டோர்ல ஒரு நீட்டு மூங்கில் தொங்குது. அதுல செவப்பு பெயிண்ட்ல ஒரு கோடு இருக்கு. யாரும் தூக்கிப் போட்றாதீங்கன்னு ஆபீஸ் ரோஸ்லி சார் சொல்லிருக்காரு. என்னாத்துக்கு அது?"

ஒரு வார்த்தையில சொல்றதா அது? உக்காருங்கடா சொல்றேன்னேன். அவனுங்களுக்கு வேல இருந்துச்சு, போய்ட்டானுங்க. அதான் இங்க சொல்றேன். எனக்கு எழுத்து தெரியாது. நான் பேசப் பேச எங்கண்ணன் மக தேவகி போன்ல புடிச்சு எழுதறா. "சித்தப்பா, விஷயத்துக்கு வாங்க"ன்னு இப்பவே மொறைக்கிறா. வரேன், வரேன்.

நான் கோட்டைக்கு வர்றதுக்கு முந்தி சாக்கட அள்ளுனேன், லோரியில குப்ப ஏத்துனேன். அதயெல்லாம் சொல்லி உங்க நேரத்த வீணாக்க மாட்டேன். சுங்கை பினாங்ல எங்க வீட்டுக்குப் பின்னால இருந்த காளியப்பன், கோட்டையில மண்டோரு, அதான் மேஸ்திரி, அவருதான் ஒரு நாளு, "முனியாண்டி, கோட்டையில புல்லு வெட்டறியா? கடக் காத்து வரும், நாத்தம் இருக்காது"ன்னாரு. போய்ட்டேன். ரிட்டயர் ஆவற வரைக்கும் அங்கதான்.

மண்டோரப் பத்தி கொஞ்சம் சொல்லணும். ஒல்லியா இருப்பாரு. காக்கி டவுசரு, இடுப்புல ஒரு எண்ணெத் துணி. காலையில வந்ததும் செவத்து மேல இருக்கற பீரங்கிய ஒவ்வொண்ணா வெரல் மொட்டியால தட்டிக்கிட்டே போவாரு. "எந்திரிங்கடா சோம்பேறிங்களா, சண்ட முடிஞ்சிருச்சு, சம்பளம் கெடையாது"ம்பாரு. ஆனா மூலையில கடலப் பாத்துக்கிட்டு நிக்கற பெரிய பீரங்கிகிட்ட வந்தா மட்டும் செருப்பக் கழட்டிருவாரு. தட்ட மாட்டாரு, தொட்டுக் கண்ணுல ஒத்திக்குவாரு.

ஏன்னா அது புள்ள குடுக்கற பீரங்கி. புள்ள இல்லாத பொம்பளைங்க வந்து அதோட வாயில பூவு வெச்சுட்டுப் போவாங்க. நம்ம ஆளுங்க மட்டும் இல்ல, சீனப் பொம்பளைங்க, மலாய்க்காரப் பொம்பளைங்க எல்லாரும் வருவாங்க. மல்லிய, சாமந்திய, ரோசாவ வெச்சு, மேல பின்பக்கம் ஒரு சின்ன ஓட்ட இருக்கும், அதுல ஊதுபத்தி சொருகுவாங்க. யாரு ஆரம்பிச்சாங்கன்னு யாருக்கும் தெரியாது.

மொத நாளு நான் கூடைய எடுத்துக்கிட்டு பழைய பூவ அள்ளப் போனேன். மண்டோரு கையத் தட்டி விட்டாரு.

"என்னா பண்ற?"

"குப்பையில போடறேன் மண்டோரே."

"ஒரு பொம்பள மனசு ஒடஞ்சு கை நீட்டிக் குடுத்திருக்கா. அதப் புடுங்கி மீனு முள்ளு, நாசி சோத்துப் பொட்டலத்தோட போடுவியா? குடுத்தது அதுக்குள்ளயே போவட்டும்." தொடப்பக் கட்டையத் திருப்பிப் புடிச்சு பூவ உள்ளாற தள்ளுனாரு. ஒரு தள்ளு, ரெண்டு தட்டு. அப்பறம் தேங்கா எண்ணெத் துணியால வாயத் தொடச்சு விட்டாரு. "இப்ப பாரு. நாளைக்கு வரவளுக்கு எடம் ஆச்சு."

அவருக்கு முந்தி இருந்த மண்டோரும் அப்பிடித்தான் செஞ்சாராம். நானும் அப்பிடியே செஞ்சேன். எங்க லெச்சுமியும் கண்ணாலம் ஆன புதுசுல மல்லியப்பூ வெச்சா. நான்தான் தள்ளுனேன். சரி, அது இருக்கட்டும்.

கோவிட்டுக்குக் கொஞ்சம் முந்தி, ஒரு வெள்ளக்காரக் கெழவரு தெனமும் காலையில வர ஆரம்பிச்சாரு. ஒசரமா, முதுகு வளையாம, கைய பின்னால கட்டிக்கிட்டு நடப்பாரு. வர்ற டூரிஸ்ட்டெல்லாம் என்னா செய்வாங்க? பீரங்கி மேல குதிர ஏறுவாங்க, வாயில தலைய விட்டு போட்டோ புடிப்பாங்க. இவரு போட்டோவே புடிக்கல. ஒவ்வொரு பீரங்கியா பாத்துக்கிட்டு வருவாரு. ஆனா ஒண்ணோட வாய்க்கு முன்னாலயும் நடக்க மாட்டாரு. முன்பக்கம் ரெண்டு எட்டுல போயிரலாம், அப்பவும் பின்பக்கமா சுத்திக்கிட்டுதான் போவாரு. மழ தூறுச்சு, எல்லாரும் ஓடுறாங்க, அப்பவும் சுத்திக்கிட்டுதான் போறாரு!

எனக்கு மண்ட காஞ்சிருச்சு. கால்ல ஏதும் வேண்டுதலா? நான் குட் மார்னிங்னேன், அவரும் குட் மார்னிங்னாரு. அதுக்கு மேல எங்கிட்டயும் இங்கிலீஷ் இல்ல, அவர்கிட்டயும் பெருசா இல்ல.

அப்பத்தான் ஹனிபா பாய் ஞாபகம் வந்துச்சு. கோட்டைக்கு எதுத்த சந்துல சாப்பாட்டுக் கட வெச்சிருக்காரு. காரைக்கால்ல பொறந்தவரு. அவுங்க வாப்பா பிரெஞ்சுக்காரன் பட்டாளத்துல இருந்தவராம், பாய் சின்ன வயசுல அங்க பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துல படிச்சவரு. மீன் கொழம்பு ஊத்தும்போது எவனாச்சும் கிண்டல் பண்ணுனா பிரெஞ்சுலதான் திட்டுவாரு, யாருக்கும் புரியாதுல்ல. அவர இழுத்துக்கிட்டு வந்து, "பாய், இவரு என்னா பாஷ?"ன்னேன். பாய் ஏதோ கேட்டாரு. கெழவரு மொகம் சட்டுனு வெளிச்சமாச்சு. ரெண்டு பேரும் பேசறாங்க பேசறாங்க, நான் மரம் மாதிரி நிக்கறேன்.

கடைசியில பாய் சொன்னாரு, "முனியாண்டி, சாதாரண ஆளு இல்லப்பா இவரு. பிரான்ஸ் பட்டாளத்துல ஜெனரலா இருந்து ரிட்டயர் ஆனவரு. அதுவும் பீரங்கிப் படையில. மக இங்க பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில எஞ்சினியரு. சம்சாரம் தவறிட்டாங்க, மகளோட இருக்கலாம்னு வந்திருக்காரு. வீட்டுல போர் அடிக்குதாம்."

"ஏன் வாய்க்கு முன்னால நடக்க மாட்டேங்கறாருன்னு கேளுங்க."

பாய் கேட்டாரு. ஜெனரலு என்னயப் பாத்து சிரிச்சாரு. இந்தக் கேள்விய யாராச்சும் கேப்பாங்களான்னு பாத்துக்கிட்டே இருந்தாராம். "இதெல்லாம் காலின்னு யாரு சொன்னா?"ன்னு திருப்பிக் கேட்டாரு.

"எத்தன காலத்துப் பீரங்கி! காலியாத்தான் இருக்கும்"னேன்.

"இருக்கும்ங்கறது வேற, பாத்தேங்கறது வேற"ன்னாராம். பாத்திருக்கியான்னு கேட்டாரு. நான் பாக்கல. மண்டோரும் பாக்கல.

அந்த மூங்கில் அப்ப வந்ததுதான், ஜெனரலு சொல்லிக் குடுத்தது. வாய் வழியா மூங்கில விடணும். முட்டுற வரைக்கும் போவட்டும். வாய் ஓரத்துல ஒரு கோடு போடணும். அப்பறம் வெளிய எடுத்து, அந்தக் கோடு வாய்க்கு நேரா வர்ற மாதிரி பீரங்கி முதுகு மேல படுக்க வெச்சுப் பாக்கணும். மூங்கில் நுனி பின்னால இருக்கற அந்தச் சின்ன ஓட்ட கிட்ட வந்தா உள்ள காலி. வரலன்னா உள்ள ஏதோ ஒக்காந்திருக்கு. இவ்ளோதான். ஆனா வாய்க்கு நேரா நிக்கக் கூடாது, பக்கத்துல நின்னுக்கிட்டு கைய மட்டும் நீட்டணும். நான் நேரா நின்னப்ப ஜெனரலு என் சட்டக் காலரப் புடிச்சு ஓரமா இழுத்தாரு பாருங்க, எங்கப்பா கூட என்னய அப்பிடி இழுத்ததில்ல.

மத்ததெல்லாம் காலி. கோழி எலும்பு, தண்ணி போத்தலு, ஒண்ணுல பூன குட்டி போட்டிருந்துச்சு. புள்ள குடுக்கற பீரங்கியில மூங்கில் பாதியிலேயே நின்னுருச்சு.

நான் சிரிச்சுட்டேன். "அது பூவு! நாங்க தள்ளுனது"ன்னு தொடப்பத்தத் திருப்பிப் புடிச்சு செஞ்சு காட்டுனேன். ஒரு தள்ளு, ரெண்டு தட்டு.

ஜெனரலு அத பாத்தாரு. சிரிச்சுக்கிட்டே பாய்கிட்ட ஏதோ சொன்னாரு. பாய் தலையில கைய வெச்சுக்கிட்டாரு. "முனியாண்டி, பீரங்கியில மருந்து போட்டு இப்பிடித்தான் கட்டையால இடிப்பாங்களாம். அவுங்க பட்டாளத்துப் பழைய படத்துல இதே மாதிரிதான் இருக்குமாம். நீங்க ரெண்டு மண்டோர் காலமா பீரங்கிய லோட் பண்ணிக்கிட்டு இருக்கீங்களாம்."

அப்பறம் சிரிப்ப நிறுத்திட்டு ஜெனரலு கேட்டாரு: "பூவுக்குப் பின்னால என்னா இருக்கு?"

நான் தொடப்பத்தக் கீழ வெச்சுட்டேன்.

விஷயம் ஆபீஸ்ல ரோஸ்லி சாருக்குப் போச்சு. நல்ல மனுஷன், ஆனா பயந்த சுபாவம். ஓடி வந்தாரு. "பாஹாயா லா அங்கிள், ஆபத்து! அடுத்த மாசம் இங்க விழா. மேல கேட்டா ஒரே பதில்தான் வரும், வாய சிமெண்டு போட்டு அடைச்சிருன்னு. எனக்கு வேற வழி இல்ல." உடனே கயிறு கட்டிட்டாங்க, யாரும் கிட்ட போகக் கூடாது.

வெள்ளிக்கெழம பொம்பளைங்க வந்தாங்க. கயித்துக்கு இந்தப் பக்கமே பூவ வெச்சுக்கிட்டு நின்னாங்க. ஒரு சின்னப் பொண்ணு, பரமேஸ்வரின்னு பேரு, புக்கிட் மெர்தாஜாம்ல இருந்து பஸ்ஸு மாறி, ஃபெரி ஏறி வந்திருக்கா. "ஐயா, சிமெண்டு போடப் போறாங்களாமே? புள்ள உண்டாவ இன்னும் கொஞ்ச வாரம்தான் ஐயா பாக்கி எனக்கு. மாமியா அதுக்கு மேல பொறுக்க மாட்டேன்னுட்டாங்க"ன்னு சொல்லி அழுவறா.  பூவ என் கையில குடுத்துட்டுப் போய்ட்டா. எங்க வெக்கறதுன்னு தெரியாம அன்னிக்கு முழுக்க அத சட்டப் பையில வெச்சுக்கிட்டுத் திரிஞ்சேன்.

ஜெனரலுதான் ரோஸ்லி சார்கிட்ட பேசுனாரு. உள்ள மருந்து இருந்தா சிமெண்டு போட்டாலும் அது உள்ளதான் இருக்கும், காலின்னு காட்டிட்டா சிமெண்டு எதுக்குன்னு கேட்டாரு. ரோஸ்லி சாரு நம்ம ராணுவத்துக்கு போன் போட்டாரு. ரெண்டு பேரு வந்தாங்க. ஜெனரலு யாருன்னு தெரிஞ்சதும் அப்பிடியே வெறச்சு நின்னு சல்யூட் அடிச்சாங்க. பாய் கட லுங்கியோட அவரு பக்கத்துல நின்னாரா, அவருக்கும் ஒரு சல்யூட் விழுந்துச்சு. இன்னைக்கும் அதச் சொல்லிக்கிட்டுத் திரியறாரு.

முடிவு என்னான்னா, மொதல்ல வாய் வழியா தண்ணி ஊத்தி ஊற வெக்கணும். பீரங்கி கொஞ்சம் மேல பாத்து நிக்குது, அதனால தண்ணி உள்ள நிக்கும். நல்லா ஊறுனப்பறம்தான் இழுக்கணும். இழுக்கறதுக்கு ஒரு சாமான் வேணும். கம்புக்கு நுனியில சுருட்டி விட்ட கம்பி, பன்னி வாலு மாதிரி. ஜெனரலு மண்ணுல வரஞ்சு காட்டுனாரு. இரும்பு ஆவாது, பொறி பறக்கும், பித்தளதான் வேணும்னாரு. சீன வெல்டரு முடியாதுன்னுட்டான். லிட்டில் இந்தியாவுல பாத்திரக் கடையில ஒடஞ்ச குத்துவெளக்குத் தண்டு ஒண்ணு கெடச்சுது, அதக் காச்சி வளச்சுக் குடுத்தாங்க.

ஊறுற நாளுலதான் அவரு கதையே வந்துச்சு. தண்ணி கொறஞ்சா நான் ஊத்துவேன். மத்த நேரம் ஜெனரலு, நானு, பாய் மூணு பேரும் மரத்தடியில. பாய் தே, அதான் டீ, கொண்டாந்துருவாரு.

அவரு விவசாயி வீட்டுப் புள்ள. அவுங்கப்பா நெலத்துல பழைய யுத்தத்துக் குண்டு ஒண்ணு வெடிக்காம கெடந்துச்சாம். அப்பா வருஷா வருஷம் அத சுத்தி உழுவாராம். நடுவுல மட்டும் புல்லு. இவருக்குச் சின்ன வயசுல இருந்து ஒரே கேள்வி, அதுக்குள்ள என்னா இருக்குன்னு. அதத் தெரிஞ்சுக்கத்தான் பீரங்கிப் படையில சேந்தாராம்.

"இதுக்காடா பட்டாளத்துல சேருவாங்க!"ன்னேன். பாய் அத மாத்தாம அப்பிடியே சொல்லிட்டாரு. ஜெனரலு தொடையத் தட்டி சிரிச்சாரு.

சேந்தா பீரங்கியக் காட்டல, கணக்குப் போட வெச்சாங்களாம். காத்து எந்தப் பக்கம், வெயிலு எவ்ளோ, பூமி சுத்தறதுகூட கணக்குல வருமாம். நான் நம்பல. பாயும் நம்பல, ஆனா மொழிபேத்தாரு. அப்பறம் பாலைவனத்துக்குப் போனாரு, ஆப்பிரிக்கா போனாரு. இவரு கணக்கச் சொல்லுவாரு, பீரங்கி சுடும், குண்டு மலையத் தாண்டிப் போய் விழும். மல மேல ஒருத்தன் வயர்லெஸ்ஸோட இருப்பான். இன்னும் எடது, இன்னும் வலது, அப்பறம் "நல்லாருக்கு"ம்பான். அந்த நல்லாருக்குதான் இவரு காதுல விழற கடைசி வார்த்த.

சின்ன ஆபீசரா இருந்தப்ப ஒரு தடவ பீரங்கி சுடல. அப்பிடி ஆனா காத்திருக்கணும், கிட்ட போகக் கூடாது. மர்செல்னு ஒரு சிப்பாயி, நல்ல சுறுசுறுப்பு, அவசரப்பட்டுத் தொறந்துட்டான். போய்ட்டான். இவரு எடது காதும் அன்னிக்குப் போனதுதான். அதுக்கப்பறம் எந்தப் பீரங்கியப் பாத்தாலும் காலின்னு நெனைக்க மாட்டாராம். மர்செல்ங்கற பேர அவரு சொல்லாத நாளே இல்ல. எனக்கு வாயில நொழஞ்ச ஒரே பிரெஞ்சுப் பேரு அதுதான். ஜெனரலு பேரு இன்னைக்கும் நொழையல.

அப்பறம் மேல மேல ஏத்தி ஜெனரலாக்கி, மேசையில ஒக்கார வெச்சுட்டாங்களாம். பீரங்கி பக்கமே விடலயாம். "மண்டோரு ஆனா மம்மட்டியத் தொட மாட்டான், அதுதான்"னேன். அதேதான்னாரு.

எனக்கு மனசுல ஒரு கேள்வி அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. "பாய், எத்தன பேரக் கொன்னிருப்பாருன்னு கேளுங்களேன்."

பாய்க்குக் கோவம் வந்துருச்சு. "என் கடையில சோறு திங்கற மனுஷன்கிட்ட கேக்கற கேள்வியாய்யா இது? நான் கேக்க மாட்டேன்."

ஜெனரலு எங்க ரெண்டு பேரு மொகத்தயும் மாத்தி மாத்திப் பாத்தாரு. என்னா சொல்றான்னு கேட்டாரு. பாய் தே ஆறுதுன்னு சொல்லி மழுப்பிட்டாரு.

இழுக்கற நாளு வந்துச்சு. பாடாங் பக்கம் யாரயும் விடல. கயித்துக்கு அந்தாண்ட தூரமா பொம்பளைங்க நின்னாங்க. ராணுவக்காரங்க மணல் மூட்ட அடுக்குனாங்க. சுருளக் கையில எடுத்தாரு ஜெனரலு. நான் அந்தக் கம்பப் புடிச்சுக்கிட்டேன்.

"தள்ளுனது நானு. நானே இழுக்கறேன்"னேன்.

பாய் ரெண்டு பாஷயிலயும் கத்துனாரு. "அவரு விட மாட்டேங்கறாரு! மர்செல் மாதிரி இன்னொருத்தன் வேணாங்கறாரு!"

"எனக்கு அவசரம் கெடையாதுன்னு சொல்லுங்க பாய். நான் எதயுமே மெதுவாத்தான் செய்வேன்னு இந்தக் கோட்டையில யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க."

ரோஸ்லி சாரு தூரத்துல இருந்து, "பெத்துல், பெத்துல், அது உண்ம!"ன்னாரு. ஜெனரலு கம்ப விட்டுட்டாரு. ஆனா போகல. பீரங்கிக்கு அந்தப் பக்கம் அவரு, இந்தப் பக்கம் நானு. திருப்பு, நிறுத்து, இழு, தண்ணி ஊத்துன்னு கையாலயே சொன்னாரு.

மொதல்ல வந்தது போன மாசத்து சாமந்தி. அப்பறம் கருத்துப் போன மல்லி, மஞ்சக் கயிறு, குட்டி மரத் தொட்டிலு, சீனச் செவப்புக் காயிதம், ஒடஞ்ச வளையலு. உள்ள போகப் போக அடையாளமே தெரியல, எரு மாதிரி வந்துச்சு. சாக்குல கொட்டிக்கிட்டே இருந்தோம். அதுல எங்க லெச்சுமி வெச்சதும் எங்கயாச்சும் இருந்திருக்கும். எதுன்னு யாரு கண்டா.

அதுக்கப்பறம் சுருள்ல வேற ஏதோ மாட்டுச்சு. ஜெனரலு கைய ஒசத்துனாரு. நான் நின்னுட்டேன். தண்ணி, இன்னும் தண்ணி. மெதுவா இழுத்தா மொத்தமான பழைய கயித்து உருண்ட ஒண்ணு. அது பின்னாலயே கருப்பா சேறு வழிஞ்சுது. ஜெனரலு ரெண்டு வெரல்ல எடுத்து மோந்து பாத்தாரு. பாய்கிட்ட ஒரே ஒரு வார்த்ததான் சொன்னாரு.

"மருந்தாம்"னாரு பாய்.

 எந்த வெள்ளக்காரன் எப்பப் போட்டானோ, சுடாமயே வுட்டுட்டுப் போயிருக்கான். அந்தப் பின்னோட்டயிலதானே பொம்பளைங்க ஊதுபத்தி சொருகுனாங்க! ஜெனரலு ஓட்டையத் தொட்டுக் காட்டுனாரு. மண்டோரு வருஷா வருஷம் பூசுன பெயிண்டு உள்ள வழிஞ்சு அடியில இறுக்கமா அடச்சிருந்துச்சு. மருந்து ஏற்கெனவே செத்துதான் கெடந்துச்சாம். இத்தன வருஷத்துப் பூவோட ஈரம் உள்ள எறங்கி அதக் கொன்னுருச்சுன்னாரு.

எல்லாத்தயும் கழுவி, மூங்கில விட்டோம். முதுகு மேல வெச்சா நுனி ஓட்டைக்கு நேரா வந்துச்சு. வாய்க்கு நேரா இருந்த எடத்துல ஜெனரலே செவப்புக் கோடு போட்டாரு. ரோஸ்லி சாரு கயித்த அவுத்தாரு. சிமெண்டு கெடையாது, ஆனா ஒரே ஒரு கட்டுப்பாடு, இனிமே பூவ உள்ள தள்ளக் கூடாது, தெனமும் வெளிய எடுக்கணும்.

மண்டோரு சொன்னது என் காதுல கேட்டுச்சு. குப்பையில போட எனக்கு மனசு வரல. சாக்க தூக்கிக்கிட்டு கடலுக்குப் போனேன். ஜெனரலும் பேன்ட மடிச்சு விட்டுட்டு ஒரு மொனையப் புடிச்சுக்கிட்டாரு. சாந்தரம். பூவு கரஞ்சு போறதப் பாத்துக்கிட்டு நின்னோம். அப்பத்தான் அவரு, "அன்னிக்கு இவன் என்னா கேட்டான்?"னு பாயப் புடிச்சுக்கிட்டாரு. பாயால தப்பிக்க முடியல, சொல்லிட்டாரு.

ஜெனரலு கோவப்படல.  "தெரியாது. நல்லாருக்குன்னு சொல்வாங்க. அது எங்க விழுந்துச்சு, யாரு மேல விழுந்துச்சுன்னு நான் ஒரு நாளும் போய்ப் பாத்ததில்ல. மர்செல் பேரு மட்டும்தான் எனக்குத் தெரியும்."

அப்பறம் என்னயக் கேட்டாரு. "நீ இத்தன வருஷமா தள்ளியிருக்க. எத்தன பேருக்குப் புள்ள பொறந்துச்சு?"

 இந்தக் கேள்வி எனக்கு வந்ததே இல்லியே! "நானும் போய்ப் பாத்ததில்ல ஐயா. ஒரே ஒரு வீட்டு சேதிதான் தெரியும். எங்க வீட்டுல பொறக்கல"ன்னேன். பாய் இதச் சொல்லும்போது கடலப் பாத்துக்கிட்டே சொன்னாரு.

ஜெனரலு அதுக்கப்பறம் கொஞ்ச நாள்ல ஊருக்குப் போய்ட்டாரு. நான் தெனமும் காலையில மூங்கில விட்டுப் பாப்பேன், பூவ எடுத்துக் கடல்ல விடுவேன். புதுசா ஒரு வேலயும் சேத்துக்கிட்டேன். வர்ற பொம்பளைங்ககிட்ட, "பொறந்தாலும் பொறக்கலன்னாலும் வந்து ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்கம்மா"ம்பேன். சரி சரின்னு தலையாட்டுவாங்க, அந்த புக்கிட் மெர்தாஜாம் பொண்ணும் தலையாட்டுனா. யாரு வரா? கோவிட் வேற வந்து எல்லாத்தயும் மூடிருச்சு.

தொறந்து ரொம்ப நாளு கழிச்சு, நான் ரிட்டயர் ஆவறதுக்குக் கொஞ்சம் முந்தி, ஒரு பொண்ணு தனியா வந்து நின்னா. கையில பூவு இல்ல. செபராங் ஜெயாவுல ஆபீஸ் வேலயாம், கழுத்துல கார்டு தொங்குச்சு.

"அடையாளம் தெரியலியா ஐயா? பரமேஸ்வரி. எனக்குப் பொறக்கல. அந்த வீட்ட விட்டும் வந்துட்டேன். நீங்க வந்து சொல்லச் சொன்னீங்களே, அதான் சொல்லிட்டுப் போலாம்னு."

பாய் கடைக்குக் கூட்டிட்டுப் போய் தே வாங்கிக் குடுத்தேன். நல்லா சிரிச்சுப் பேசுனா. அவ போனப்பறம் பாய் அங்கயே பிரான்சுக்குப் போன் போட்டாரு. ஜெனரலுக்கு இப்ப ரெண்டு காதும் மந்தமாம், பாய் கட முழுக்கக் கேக்கற மாதிரி கத்திக் கத்திச் சொன்னாரு. சொல்லி முடிச்சாரு.  

அந்தப் பக்கம் ஜெனரலு ஏதோ சொன்னாரு. பாய் போன நெஞ்சுல வெச்சுக்கிட்டு என்னயப் பாத்தாரு.

"அந்தப் பொண்ணு பேரு என்னான்னு கேக்கறாரு."

"பரமேஸ்வரின்னு சொல்லுங்க பாய். மெதுவா சொல்லுங்க, திருப்பிச் சொல்லிப் பாப்பாரு."